இருக்கைக்கு அடியில் ஓர் ஏரி

காஞ்சிபுரம் பட்டுச் சேலை ஒன்றை நெய்து இறக்க ஒரு நெசவாளியின் உடம்பு எவ்வளவு சக்தியைச் செலவழிக்கும்? கணக்கிட்டுப் பார்க்கலாம். திடகாத்திரமான ஆள் நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தாலும் சராசரியாக 75 வாட்டுக்கு மேல் தாக்குப்பிடிக்க மாட்டார். எட்டு மணி நேரத்துக்கு அது 600 வாட்-மணி, மின்வாரியக் கணக்கில் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். தறிக்குழியில் உட்கார்ந்து மிதி மிதித்து, நாடா ஓட்டி, பலகை அடிப்பதற்கு அந்த அளவு தசைவலு வேண்டாம். (நெசவாளிகள் சண்டைக்கு வர வேண்டாம். கை நுணுக்கத்துக்கும் கண் வலிக்கும் வாட் கணக்கு கிடையாது.) ஒரு சேலைக்குப் பதினைந்து நாள் என்று வைத்தாலும் மொத்தம் ஏழெட்டு யூனிட்டைத் தாண்டாது.

இப்போது ஒரு லிட்டர் பெட்ரோல். அதை எரித்தால் வெளிவரும் சக்தி ஏறக்குறைய 9 யூனிட். ஆக, அரை மாதம் ஒருவர் தறியில் கொட்டும் உடலுழைப்பு முழுவதும் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் அடங்கிவிடுகிறது. அதே ஒரு லிட்டரால், வீணாகாமல் பயன்படுத்த முடிந்தால், ஒரு டன் எடையை 3,300 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடலாம். தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். இத்தனையும் பெட்ரோல் பங்கில் நூறு ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்தால் கிடைத்துவிடுகிறது. உண்மையில் பெட்ரோல் மலிவான பொருள். அதை நாம் பயன்படுத்துகிற விதம்தான் அதை விலை உயர்ந்ததாக ஆக்குகிறது.

தாமலை எடுத்துக்கொள்வோம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுச்செட்டி சத்திரத்தைத் தாண்டினால் வரும் ஊர். காஞ்சிபுரத்துக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர். பெரிய ஏரி, வராகீசுவரர் கோயில், வீட்டு வாசலுக்கு எட்டும் தூரத்தில் லாரிகள். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் யாருக்கும் காஞ்சிபுரம் போகாமல் வாரம் கழியாது. நெய்த சேலையைச் சங்கத்திலோ முதலாளியிடமோ சேர்க்க, பாவும் சரிகையும் வாங்கிவர, ஆஸ்பத்திரி, பள்ளி, கல்யாணம் என்று ஏதாவது இருக்கும். போய்வர 30 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் ஸ்கூட்டரில் 67 ரூபாய் ஆகும்.

அதே தூரத்தை மின்சார ஸ்கூட்டரில் போய்வந்தால், சார்ஜரில் சூடாக வீணாவதையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 35 வாட்-மணி, மொத்தம் ஒரு யூனிட்டை ஒட்டி வரும். 2024 ஜூலையில் உயர்ந்த வீட்டுக் கட்டணப்படி 400 யூனிட் வரையிலான விலை யூனிட்டுக்கு 4 ரூபாய் 80 காசு. இறங்கியதும் டீக்கடையில் குடிக்கும் டீ அதைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

அறுபத்தேழு எங்கே, ஐந்து எங்கே? இவ்வளவு பெரிய இடைவெளி வரக் காரணம் வரி மட்டுமில்லை. 30 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் வண்டி குடித்தது 6 யூனிட் சக்தி, மின்வண்டி குடித்தது 1 யூனிட். சாலை ஒன்று, ஆள் ஒன்று, எதிர்க்காற்றும் ஒன்று. மிச்ச ஐந்து யூனிட் எங்கே போயிற்று என்றால், சைலன்சரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எரித்து ஓடும் எந்த எந்திரமும் தான் பெற்ற வெப்பத்தில் ஒரு பெரும் பங்கை வெளியே கொட்டித்தான் ஆக வேண்டும் என்று 1824-லேயே பிரெஞ்சுக்காரர் சாதி கார்னோ காட்டிவிட்டார். அது பொறியாளரின் கவனக்குறைவு இல்லை, இயற்கையின் விதி. அதற்கு மேல் சின்ன எஞ்சினின் உரசல், காஞ்சிபுரம் ராஜ வீதி நெரிசலில் நின்றபடியே உறுமிக்கொண்டிருக்கும் நேரம், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சூடாகிப் போகும் ஓட்டம். கடைசியில் சக்கரத்துக்கு வந்து சேர்வது ஏழில் ஒரு பங்கு தேறினால் பெரிது. மோட்டாரில் எதுவும் எரிவதில்லை. காந்தம் காந்தத்தைத் தள்ளுகிறது. கொடுத்ததில் 85, 90 சதவீதம் அச்சைச் சுற்றுவதற்கே போகிறது. வண்டி நின்றால் மோட்டாரும் நின்றுவிடுகிறது. பிரேக் பிடித்தால் அதே மோட்டார் ஜெனரேட்டராகிக் கொஞ்சத்தைத் திரும்பத் தருகிறது.

இந்த இடத்தில் விளம்பரங்கள் சொல்லாமல் தாண்டிப் போகும் ஒன்று உண்டு. வீட்டு பிளக்குக்கு வந்த அந்த ஒரு யூனிட் எங்கேயோ ஓர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்து வந்ததாக இருக்கலாம். அங்கேயும் கார்னோ உட்கார்ந்திருக்கிறார். எரித்த வெப்பத்தில் பாதிக்கு மேல் அங்கே வீணாகிவிட்டது. இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 700 கிராமுக்குச் சற்று மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. ஆகவே மின்ஸ்கூட்டர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 25 கிராம், பெட்ரோல் ஸ்கூட்டர் 50 கிராம். பாதியாகக் குறைகிறது, ஆறில் ஒரு பங்காக இல்லை. பகலில் வெயிலும், ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்றும் கிரிட்டில் கலக்கும்போது இன்னும் குறையும். கரி எரிவது வீட்டு வாசலிலிருந்து நகர்ந்து தூரத்துப் புகைபோக்கிக்குப் போயிருக்கிறது, அளவிலும் குறைந்திருக்கிறது. அவ்வளவுதான் சொல்லலாம்.

கரண்ட் பில்லிலும் ஒரு படிக்கட்டு இருக்கிறது, கால் தடுக்கும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு. முதல் 100 யூனிட் 2016 மே முதல் எல்லா வீட்டுக்கும் இலவசம். மாதத்துக்கு 25 நாள், நாளுக்கு 50 கிலோமீட்டர் ஓட்டும் வண்டி இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 90 யூனிட் கேட்கும். வீட்டில் ஏற்கெனவே 300 ஓடினால் கவலை இல்லை. 450 ஓடுகிற வீட்டில் அந்த 90 சேர்ந்தால் 500-ஐத் தாண்டும். 501-ஆவது யூனிட் 8 ரூபாய் 55 காசு. அது போதாதென்று, 500-க்குள் இருப்பவர்களுக்குக் கீழ்ப்படிகளில் கிடைக்கும் மானியமும் நழுவி, சில நூறு ரூபாய் ஒரே தாவலாக ஏறும். ஆனாலும் 8.55 கணக்கில்கூட கிலோமீட்டருக்கு 30 காசுதான். பெட்ரோலுக்கு இரண்டேகால் ரூபாய். கைத்தறி நெசவாளர்களுக்கு இலவச மின்சாரம் 2023-இல் 200 யூனிட்டிலிருந்து 300 யூனிட்டாக உயர்ந்தது. அதைக் காட்டி “வண்டி சும்மா ஓடும்” என்று சொல்லுகிற விற்பனையாளர் கிடைப்பார். அது தறிக்கென்று தருவது. நான் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

சார்ஜ் ஏற நான்கைந்து மணி நேரம் ஆகிறது என்பது எல்லோரும் சொல்லும் குறை. குறைதான். ஆனால் நாம் எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். பெட்ரோல் பங்கில் குழாய் நிமிடத்துக்கு 35 லிட்டர் வேகத்தில் ஊற்றுகிறது என்றால், சக்தியாக மாற்றிச் சொன்னால் அது 19 மெகாவாட். சீருடை போட்ட ஒரு பையன் ஒரு கையில் பிடித்திருப்பது ஒரு சிறிய மின்நிலையத்தின் வாயை! வீட்டு பிளக்கில் செருகும் ஸ்கூட்டர் சார்ஜர் 750 வாட். இருபத்தையாயிரம் மடங்கு சின்னது. அப்படியும் சமாளிக்க முடிவதற்குக் காரணம், நம் வண்டி ஒரு நாளில் இருபத்திரண்டு மணி நேரம் சும்மா நிற்கிறது. ராத்திரி நாம் தூங்கும்போது அதுவும் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருந்தால் போதும். எர்த் ஒழுங்காக உள்ள, 15 ஆம்பியர் பிளக் ஒன்று வேண்டும். பழைய வீடுகளில் செலவு அங்கேதான் தொடங்கும்.

இதுவரை சொன்னது ஓடும் செலவு. ஆனால் மின்வண்டியின் உண்மையான செலவு கரண்ட் பில்லில் இல்லை, இருக்கைக்கு அடியில் இருக்கிறது.

தாமல் ஏரி காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. ஏரியின் கொள்ளளவு என்றைக்கும் அப்படியே இருக்கும் என்று எந்த விவசாயியும் நம்புவதில்லை. ஒவ்வொரு மழையும் தண்ணீரோடு வண்டலையும் கொண்டுவந்து சேர்க்கும். கலங்கல் வழிந்தால் ஏரி நிரம்பியதாகத்தான் தெரியும், ஆனால் தாத்தா காலத்தில் நிரம்பிய ஏரியும் இன்று நிரம்பிய ஏரியும் ஒரே அளவு தண்ணீர் இல்லை. லித்தியம் பேட்டரியும் அப்படியேதான். உள்ளே இரண்டு கரைகள். ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் ஓர் உலோகச் சேர்மம். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் அடைகின்றன, வண்டி ஓடும்போது மறுகரைக்குத் திரும்புகின்றன. இடையில் உள்ள திரவத்துக்கும் கிராஃபைட்டுக்கும் முழுச் சமாதானம் கிடையாது. உரசும் இடத்தில் மெல்லிய படலம் ஒன்று படிகிறது. அந்தப் படலத்தில் சிக்கிய லித்தியம் பிறகு நடமாடாது. அதுதான் இந்த ஏரியின் வண்டல்.

கவனிக்க வேண்டியது, இந்த வண்டல் இரண்டு வழியில் படிகிறது. ஓட ஓடப் படிவது ஒன்று. 800, 1,000 முறை முழுதாக ஏற்றி இறக்கினால் கொள்ளளவு எண்பது சதவீதத்தை நெருங்கும். வண்டியைத் தொடாமல் வைத்திருந்தாலும் காலத்தால் படிவது இன்னொன்று. சூடு இரண்டையும் வேகப்படுத்தும். பத்து டிகிரி கூடினால் இந்த வேதிவினைகள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலின் பழைய கைக்கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் வண்டியை வெட்டவெளியில் நிறுத்துகிறவரும் புங்க மரத்தடியில் நிறுத்துகிறவரும் ஒரே பேட்டரியை வாங்கி வெவ்வேறு ஆயுளைப் பெறுவார்கள். முழுக்க ஏற்றியே பல நாள் வைத்திருப்பதும் நல்லதில்லை. கலங்கல் மட்டத்தில் தண்ணீர் நிற்கும் வரை கரைக்கு அழுத்தம்தான்.

இந்த ஏரியை வெட்டியவர்களின் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. 1970-களில், எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கிய காலத்தில், லித்தியம் பேட்டரிக்கு அடித்தளம் போட்ட ஸ்டான்லி விட்டிங்காம் வேலை பார்த்தது எக்ஸான் என்ற எண்ணெய் நிறுவனத்தில். 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்ஸைடைக் கொண்டுவந்தார். 1985-இல் ஜப்பானில் அகிரா யோஷினோ பாதுகாப்பான வடிவம் கொடுத்தார். 1991-இல் சோனி சந்தைக்கு அனுப்பியது. மூவரும் 2019-இல் நோபல் பரிசு பெற்றபோது குட்இனஃபுக்கு வயது 97.

இப்போது தாமலில் இரண்டு பேரை நினைத்துக்கொள்வோம். இருவருமே என் கற்பனை. ஒருவர் நெசவாளி, சராசரியாக நாளுக்குப் பத்து கிலோமீட்டர் ஓட்டுகிறார். இன்னொருவர் ஊர் ஊராகப் பார்சல் கொண்டுபோகிறார், நாளுக்கு ஐம்பது கிலோமீட்டர். மின்ஸ்கூட்டர் பெட்ரோல் ஸ்கூட்டரைவிட 25,000 ரூபாய் கூடுதல் விலை என்றும், கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சம் என்றும், எட்டாண்டு கழித்து மாற்றுப் பேட்டரி 60,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு 300 நாள் ஓட்டம்.

பார்சல்காரர் எட்டாண்டில் 1,20,000 கிலோமீட்டர் ஓட்டுவார், மிச்சம் 2,40,000 ரூபாய். விலை வித்தியாசம் முதல் ஆண்டு முடிவதற்குள் கழிந்துவிடும். பேட்டரி முன்கூட்டியே தளர்ந்து நடுவில் ஒன்று மாற்றினாலும், கையில் ஒன்றரை லட்சம் நிற்கும். நெசவாளி எட்டாண்டில் ஓட்டுவது 24,000 கிலோமீட்டர். மிச்சம் 48,000. விலை வித்தியாசம் போக 23,000. அந்த நேரத்தில், அதிகம் ஓடாத பேட்டரி வயதால் தளர்ந்து மாற்ற வேண்டி வந்தால், 37,000 ரூபாய் நஷ்டம். அவருடைய பழைய பெட்ரோல் வண்டியோ பதினைந்து வருடம் உறுமிக்கொண்டே ஓடியிருக்கும்.

வழக்கமாக, “குறைவாக ஓட்டுகிறவர்களுக்குத்தான் மின்வண்டி, தூரம் போகிறவர்களுக்குப் பெட்ரோல்” என்று திண்ணையில் பேசுவார்கள். ரேஞ்ச் பயத்தை வைத்துச் சொல்வது அது. பணக்கணக்கு நேர் எதிராகச் சொல்கிறது. மின்வண்டி வாங்குவது என்பது பத்தாண்டு எரிபொருள் செலவின் பெரும்பகுதியை முதல் நாளே கொடுத்துவிடுவது. ஓட்டி ஓட்டித்தான் அதை வசூலிக்க முடியும். நெசவாளி வீட்டில் மகள் கல்லூரிக்கும் அதே வண்டியை எடுத்துப் போனால் கணக்கு உடனே மாறும். அதே சமயம், சாதாரணக் கட்டண நகரப் பேருந்து வரும் ஊராக இருந்தால், 2021 முதல் பெண்களுக்கு அதில் கட்டணமே இல்லை. பூஜ்யத்தோடு எந்தப் பேட்டரியும் போட்டியிட முடியாது.

விலை வித்தியாசம் என்று நான் போட்ட 25,000 ஓடிக்கொண்டே இருக்கும் எண். மத்திய அரசின் மானியம் பேட்டரியின் ஒவ்வொரு யூனிட் கொள்ளளவுக்கும் 15,000 ரூபாயாக இருந்து, 2023 ஜூனில் 10,000 ஆகி, 2024 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. மின்வண்டிக்கு ஜிஎஸ்டி 2019 ஆகஸ்ட் முதல் 5 சதவீதம். 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் வண்டிகளின் ஜிஎஸ்டியை 28-லிருந்து 18-ஆகக் குறைத்தபோது பெட்ரோல் ஸ்கூட்டருக்கும் ஒரு தள்ளுபடி கிடைத்தது. ஆனால் பேட்டரி செல்களின் விலை உலக அளவில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

ரேஞ்ச் பயத்தையும் ஒதுக்கிவிட முடியாது, அதுவும் நெடுஞ்சாலை ஓரத்து ஊரில். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் ஸ்கூட்டருக்கு என் கணக்கில் சக்கரத்தில் கிலோமீட்டருக்கு 21 வாட்-மணி போதும். 70-இல் 47 வேண்டும். மோட்டாரில் வீணாவதையும் கழித்தால், 3 யூனிட் பேட்டரி முதல் வேகத்தில் ஏறக்குறைய 125 கிலோமீட்டர் காட்டும், இரண்டாவதில் அறுபதைச் சுற்றித்தான். கம்பெனி சொன்ன ரேஞ்ச் வரவில்லை என்று கடையில் சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் லாரியை முந்துகிறவர்களாக இருப்பார்கள். ஏரிக்கரைச் சாலையில் போகிறவருக்கு அந்தக் குறை வராது.

தீ பற்றியும் பேச வேண்டும். இதே நெடுஞ்சாலையில் மேற்கே உள்ள வேலூரில், 2022 மார்ச்சில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். இந்தப் பக்கத்தில் பலர் அதை மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. செல்லுக்குள் இரு கரைகளையும் பிரிக்கும் மெல்லிய தாள் எங்கேயாவது பழுதானால் உள்ளேயே ஷார்ட் ஆகும். அந்தச் சூட்டில் தாள் மேலும் உருகும், சில வகைச் சேர்மங்கள் சூட்டில் தாமே ஆக்ஸிஜனை வெளிவிடும். பிறகு வெளிக்காற்றுகூடத் தேவையில்லை. கரையில் எலி வளை அளவு ஓட்டை விழுந்து ஏரி உடைவது போலத்தான், தொடங்கினால் நிற்காது. அந்த ஆண்டு அடுத்தடுத்து நடந்த விபத்துகளுக்குப் பிறகு ஏஐஎஸ் 156 என்ற பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. செல்லுக்குச் செல் வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் கண்காணிப்பு அவற்றில் ஒன்று. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற வகையில் ஆக்ஸிஜன் பாஸ்பரஸோடு இறுகக் கட்டுண்டிருப்பதால் அது எளிதில் அவிழாது. கொஞ்சம் கனம், ஆனால் நம் வெயிலுக்கு நல்ல துணை. வாங்குகிறவர்கள் நிறத்தைக் கேட்கும் முன்பு இதைக் கேட்கலாம். தறி வீட்டில் கூடம் முழுக்க மரமும் பட்டு நூலும். அங்கே வண்டியைக் கூடத்துக்குள் ஏற்றி வாசலை அடைத்தபடி சார்ஜ் போடுவது சரியில்லை. தாழ்வாரமோ திண்ணை ஓரமோ போதும். நீண்ட தூரம் ஓட்டிவந்து சூடாக இருக்கும்போதே செருகாமல், சாப்பிட்டு முடித்துச் செருகினால் பேட்டரிக்கு நல்லது.

தாமல் வாசலில் ஓடும் அந்தச் சாலையையே மின்வண்டிச் சாலை என்று சொல்லலாம் போலிருக்கிறது. மேற்குக் கோடியில் பெங்களூரு, 2001-இல் ரேவா என்ற குட்டி மின்கார் வந்த ஊர். ஓசூரில் ஏத்தர், டிவிஎஸ் மின்ஸ்கூட்டர் ஆலைகள். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஓலா. ராணிப்பேட்டையில் ஆம்பியர், 2021 முதல். கோயம்புத்தூரில் ஹேமலதா அண்ணாமலை 2008-இல் தொடங்கிய நிறுவனம் அது. கிழக்கே ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். ஏத்தரைத் தொடங்கிய இருவரும் சென்னை ஐஐடியில் படித்தவர்கள். செய்து முடித்த வண்டிகள் லாரியில் ஏறி இந்த ஊர் வழியாகத்தான் போகின்றன, டீசல் லாரியில். காருக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு: வீட்டில் சார்ஜ் போட்டால் பொருந்தும். சாலையோர வேகச் சார்ஜரில் யூனிட் இருபது ரூபாய் என்று கொடுத்தால் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் ஆகிவிடும், பெட்ரோல் காரைவிடப் பாதிதான் என்றாலும் ஸ்கூட்டரின் அதிசயம் அங்கே இல்லை.

ஏரிக்கு ஒரு வசதி உண்டு, பேட்டரிக்கு அது இல்லை. ஏரியைத் தூர் வாரலாம், வாரிய வண்டலை வயலில் கொட்டினால் பயிருக்கு நல்லது. பேட்டரியைத் தூர் வார முடியாது, பிரித்து உருக்கி உலோகங்களை மீட்பது பெரிய ஆலைகளின் வேலை. ஆனால் எழுபது சதவீதத்துக்கு இறங்கி, நெடுஞ்சாலைக்கு ஆகாது என்று கழற்றிய 3 யூனிட் பேட்டரியில் இன்னும் இரண்டு யூனிட் தங்கும். தெரிந்த மெக்கானிக் ஒருவர் முறையான கட்டுப்பாட்டுப் பலகையோடு அதை இன்வெர்ட்டராக மாற்றிக் கொடுத்தால், தறிக்கு மேலே தொங்கும் எல்இடி விளக்கும் ஒரு மின்விசிறியும் சேர்ந்து 60 வாட், கரண்ட் போன பிறகும் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். சேலையின் கரையை உடலோடு இணைக்கும் கோர்வை போட்டுக்கொண்டிருக்கும்போது விளக்கு அணையாமல் இருந்தால் என்ன என்பது தறியில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.